நடுவிரலுக்கு முப்பது வாரம்

2014ல், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், என்னை ஒரு அமெரிக்கக் காப்பீட்டு ப்ராஜெக்டில் போட்டார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கத் தொழிலாளர்களின் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சுத்தம் செய்யவேண்டும். சுத்தம் என்றால் தேதி தப்பாக இருந்தால் திருத்துவது, ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை நீக்குவது, உடல் பாகத்துக்கும் காயத்துக்கும் எண் கொடுப்பது. பெயர், முகவரி எல்லாம் எங்களிடம் வருவதற்கு முன்பே நீக்கப்பட்டிருக்கும். எங்களுக்கு வருவது வயது, தொழில் எண், விபத்துத் தேதி, செலவான பணம், அப்புறம் 'விபத்து விவரம்' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் எல்லாமே பெரிய எழுத்து ஆங்கிலம், பாதிக்குப் பாதி சுருக்கெழுத்து. யாரோ ஒரு கிளார்க் போனில் கேட்டுக்கொண்டே அடித்தது என்று பார்த்ததுமே தெரியும்.

பனியில் வழுக்கினார், முதுகு. பெட்டி தூக்கினார், முதுகு. மறுபடியும் முதுகு. இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வேறு மாதிரி வரிகள் வரும். 'இடது கை குழாய்க்கும் டாங்ஸுக்கும் நடுவில் மாட்டியது.' 'சங்கிலி அறுந்து முகத்தில்.' 'தொட்டி மேல் மயங்கி விழுந்தார். இதயம்? விசாரணையில்.' தொழில் எண்ணைப் பார்த்தால் எண்ணெய், எரிவாயுக் கிணறு.

டாங்ஸ் என்றால் என்னவென்று அன்று கூகிளில் தேடினேன். கிணறு தோண்டும் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி இணைக்க ரிக் மேடையில் தொங்கும் ராட்சத ஸ்பேனர். அதற்குக் கூடவே ஒரு சங்கிலியும் உண்டு. குழாயைச் சுற்றி அதைச் சுண்டி எறிந்து, இழுத்து, குழாயைச் சுழல விடுவார்கள். கை ஒரு நொடி பின்தங்கினால் விரல் சங்கிலியோடு போகும். 1970களில் 'அயர்ன் ரஃப்னெக்' என்று அந்த வேலையைச் செய்யும் இயந்திரம் வந்தது. ரஃப்னெக் என்பது மேடையில் வேலை செய்யும் ஆளின் பெயர். ஆளின் பெயரையே இயந்திரத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். நர்ஸாக இருந்துவிட்டு மருத்துவக் குறியீட்டு வேலைக்கு வந்தவர். நான் வாயைப் பிளந்துகொண்டு இதையெல்லாம் படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஷெட்யூல் பாத்தியா?" என்றார். "எந்த ஷெட்யூல்க்கா?" "விரலுக்கு எவ்ளோன்னு போட்டிருப்பாங்கப்பா."

போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் துறைமுகத் தொழிலாளருக்கான கூட்டாட்சி இழப்பீட்டுச் சட்டம் 1927ல் வந்தது. 1953ல் வந்த இன்னொரு சட்டம் கரை தாண்டிய கடலில் நிலையான மேடைகளில் எண்ணெய் எடுப்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அதில் உடம்புக்கு வாரக்கணக்கில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு கை முழுதாகப் போனால் 312 வாரம். கால் 288. மணிக்கட்டோடு போனால் 244. கண் 160. கட்டைவிரல் 75, ஆள்காட்டி விரல் 46, நடுவிரல் 30, மோதிர விரல் 25, சுண்டுவிரல் 15. அத்தனை வாரத்துக்கு, வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். நம்மூர் 1923ஆம் வருடச் சட்டத்திலும் இதற்கு ஒரு தம்பி இருந்தது. வாரத்துக்குப் பதில் அங்கே சம்பாதிக்கும் திறனில் விழுக்காடு: கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12.

முதலில் எனக்கு அது கசாப்புக் கடைப் பலகை மாதிரிதான் தெரிந்தது. இந்தப் பட்டியலை வாங்குவதற்கே மனிதர்கள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

*

1837 அக்டோபரில் பாஸ்டன் - வூஸ்டர் ரயில் பாதையில் நிக்கலஸ் ஃபார்வெல் என்ற என்ஜின் டிரைவரின் ரயில் தடம் புரண்டு அவர் ஒரு கையை இழந்தார். பாதை மாற்றியை இன்னொரு ஊழியர் தப்பாக விட்டிருந்தார். ஃபார்வெல் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 1842ல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவல் ஷா தீர்ப்புச் சொன்னார். கம்பெனி பணம் தரவேண்டியதில்லை. தப்புச் செய்தது சக ஊழியர், முதலாளி அல்ல. டிரைவருக்கு நாளுக்கு இரண்டு டாலர் கொடுப்பதே ஆபத்தையும் சேர்த்துத்தான், அதை ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார் என்பது வாதம்.

இந்த லெமுவல் ஷா வேறு யாருமில்லை, பின்னாளில் ஹெர்மன் மெல்விலின் மாமனார் ஆனவர். மெல்வில் தன் முதல் நாவலை இவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். 'மோபி டிக்'கை எண்ணெய்த் தொழிலாளர்களின் நாவல் என்று நான் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பெட்ரோலியம் வருவதற்கு முந்தைய எண்ணெய்த் தொழில் அதுதானே. வேலையில் காலை இழந்த ஒரு ஆள் மேல்முறையீடு செய்ய இடமில்லாமல் திமிங்கிலத்தையே துரத்திக்கொண்டு போகிறான். மாமனாரின் தீர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் சாதிக்க வரவில்லை. சும்மா தோன்றியது.

ஷாவின் தீர்ப்பிலிருந்தும் அந்தக் காலத்து வேறு தீர்ப்புகளிலிருந்தும் முதலாளிகளுக்கு மூன்று கவசங்கள் கிடைத்தன. சக ஊழியரின் தவறு. ஆபத்து தெரிந்தே வந்தாய். உன் கவனக்குறைவும் இதில் இருக்கிறது. மூன்றில் ஒன்றாவது பொருந்தாத விபத்து எங்கேயாவது உண்டா? 1859ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் டிரேக் கிணறு தோண்டியபோது, 1901ல் டெக்ஸாஸின் ஸ்பிண்டில்டாப் பீறிட்டபோது, அங்கே வேலை செய்தவர்களுக்கு இருந்த சட்டம் இதுதான். காயம்பட்டவர் வழக்குப் போடலாம், தோற்கலாம். அதனால் யார் காயம்பட்டார் என்று எழுதிவைக்கும் தேவையும் யாருக்கும் இல்லை.

அந்தக் கணக்கை முதலில் கையால் எழுதியது கிரிஸ்டல் ஈஸ்ட்மன். சட்டம் படித்தவர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி மாவட்டத்தில் 1906 ஜூலையிலிருந்து 1907 ஜூன் வரை வேலையில் செத்தவர்கள் ஒவ்வொருவரையும் சாவு விசாரணை அதிகாரியின் பதிவேடுகளிலிருந்து எடுத்து அட்டையில் எழுதினார். 526 அட்டைகள். எஃகு ஆலைகளில் 195, ரயிலில் 125, சுரங்கத்தில் 71, மற்றவை 135. அப்புறம் வீடு வீடாகப் போனார்கள். என்ன நடந்தது, எத்தனை பிள்ளைகள், கம்பெனி எவ்வளவு கொடுத்தது? செத்த மணமானவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் பெற்றது நூறு டாலர் அல்லது அதற்கும் கீழே. பலருக்கு ஒன்றுமே இல்லை. 1910ல் புத்தகமாக வந்தது.

அந்தப் புத்தகத்தை நான் ஸ்கேன் பிரதியில் படித்தேன். எனக்குப் பிடித்தது அதன் கோபம் அல்ல, கோபத்தை அட்டைக்குள் அடக்கிய விதம். ஒரு டேட்டாபேஸ் ஆள் பார்த்தால் உடனே புரியும். ஒரு மனிதனுக்கு ஒரு வரிசை, ஒரே கேள்விகள், விட்டுப்போனதை விட்டுப்போனது என்றே குறிப்பது. அதுவரை 'சோம்பேறி, குடிகாரன், அவசரக்குடுக்கை, அதனால செத்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 526 அட்டைகளுக்கு எதிரே சொல்ல எதுவும் இல்லை.

ஈஸ்ட்மன் செயலாளராக இருந்த குழுவின் பரிந்துரைப்படி நியூயார்க் 1910ல் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உச்ச அமர்வு அதைச் செல்லாது என்றது. தவறே செய்யாத முதலாளியிடம் பணம் பிடுங்குவது சொத்துரிமைக்கு விரோதமாம். மறுநாள், மார்ச் 25, அதே நியூயார்க் நகரத்தில் டிரயாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். இப்படி ஒரு தேதிப் பொருத்தத்தைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டச் சொல்வார்.

அதற்குப் பிறகு மளமளவென்று மாநிலங்கள் சட்டம் போட்டன. விஸ்கான்சினும் வாஷிங்டனும் 1911, டெக்ஸாஸ் 1913, வயோமிங் 1915, வடக்கு டகோட்டா 1919, கடைசியாக மிசிசிப்பி 1948. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பேரம். யார் தவறு என்று கேட்கமாட்டோம், பணம் வரும். பதிலுக்கு நீ வழக்குப் போடக்கூடாது. பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1884லும் பிரிட்டன் 1897லும் செய்ததன் அமெரிக்க வடிவம். தொழிலாளர் இழந்ததும் உண்டு: நடுவர்கள் முன்னால் நின்று முதலாளியைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு போயிற்று. கிடைத்தது அந்த வாரப் பட்டியல்.

கூடவே யாரும் திட்டமிடாத ஒன்றும் கிடைத்தது. பணம் கொடுக்கவேண்டுமென்றால் எழுதவேண்டும். தேதி, இடம், உடல் பாகம், எப்படி, எவ்வளவு. ஈஸ்ட்மன் ஒரு வருடம் அலைந்து எழுதியதை இனிமேல் மாநில கிளார்க்குகள் தினமும் எழுதினார்கள்.

*

இதை வைத்து முதலில் பெரிய ஆராய்ச்சி செய்தவர் தொழிலாளர் பக்கம் நின்றவர் அல்ல. டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்த ஹெச். டபிள்யூ. ஹைன்ரிச் 1931ல் தொழில் விபத்துத் தடுப்பு பற்றி ஒரு புத்தகம் போட்டார். 75,000 விபத்துப் பதிவுகளைப் பார்த்தேன், அதில் 12,000 காப்பீட்டு நிறுவனங்களின் முடிக்கப்பட்ட கோரிக்கைகள், மற்றவை தொழிற்சாலைப் பதிவுகள், நூற்றில் 88 விபத்து தொழிலாளியின் பாதுகாப்பற்ற செய்கையால் வந்தது என்றார். இன்னொரு கணக்கும் சொன்னார்: ஒரு பெரிய காயத்துக்குக் கீழே 29 சின்னக் காயம், அதற்குக் கீழே காயமில்லாத 300 விபத்து. ஒரு முக்கோணம் மாதிரி. அந்த மூலப் பதிவுகள் இன்று எங்கேயும் இல்லை. ஆனால் முக்கோணம் இருக்கிறது. உலகத்தில் எந்த ஆலைக்குள் போனாலும் சுவரில் பார்க்கலாம்.

விபத்துப் பதிவை எழுதியது யார்? மேஸ்திரி. மேஸ்திரி என்ன எழுதுவார்? 'கவனக்குறைவு' என்றுதான் எழுதுவார். அதை எண்ணினால் 88 என்ன, 98 கூட வரும். ஷாவின் மூன்றாவது கவசத்தைச் சட்டம் வாசல் வழியாக வெளியே அனுப்பியது. ஹைன்ரிச் அதைப் புள்ளிவிவரமாக ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். டேட்டா என்றால் உண்மை என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள் முதலில் படிக்கவேண்டிய கதை இது.

முக்கோணத்தை மிகவும் நம்பியது எண்ணெய்த் தொழில். சின்னக் காயத்தைக் குறைத்தால் பெரிய விபத்து தானே குறையும் என்று நம்பினார்கள். 2005 மார்ச் 23ல் பிபி நிறுவனத்தின் டெக்ஸாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் செத்தபோது, அங்கே தனிநபர் காய விகிதம் குறைவாகத்தான் இருந்தது. 2010 ஏப்ரல் 20ல் டீப்வாட்டர் ஹொரைஸன் வெடித்து 11 பேர் செத்த அன்று, மேலதிகாரிகள் ரிக்குக்கே வந்திருந்தார்கள். ஏழு வருடமாக வேலைநாள் இழப்பு விபத்தே இல்லை என்று பாராட்டுவதும் வந்த காரணங்களில் ஒன்று.

இதைவிட விநோதம் தேசியப் புள்ளிவிவரத்தில் இருந்தது. அமெரிக்காவில் வேலை சார்ந்த சாவுகளை 1992லிருந்து கூட்டாட்சித் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. இறப்புச் சான்றிதழ், செய்தித்தாள், போலீஸ் அறிக்கை, இழப்பீட்டுக் கோரிக்கை என்று பல பக்கத்திலிருந்து சரிபார்ப்பதால் அந்தக் கணக்கு கெட்டி. அதன்படி 2003 முதல் 2013 வரை எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் 1,189 பேர் செத்தார்கள். லட்சம் பேருக்கு வருடம் 25. எல்லாத் தொழில்களின் சராசரியைப் போல ஆறேழு மடங்கு. வடக்கு டகோட்டாவில் பாக்கன் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் வேட்டை உச்சத்தில் இருந்த 2012ல், அந்த மாநிலத்தின் மொத்த வேலைச்சாவு விகிதமே லட்சத்துக்கு 17.7. நாட்டிலேயே அதுதான் அதிகம்.

சாகாத காயங்களின் கணக்கு வேறு வழியில் வருகிறது. கம்பெனிகளிடம் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கம்பெனி தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். அந்தக் கணக்குப்படி எண்ணெய்த் தொழிலாளி சராசரித் தொழிலாளியைவிடக் குறைவாகக் காயப்படுகிறார்.

ஏழு மடங்கு சாகிறவர்கள் சராசரியைவிடக் குறைவாக அடிபடுகிறார்கள். எப்படி?

ஒரு பகுதி உண்மையான காரணம்தான். அந்தப் பதினொரு வருடச் சாவுகளில் பத்தில் நான்கு வாகனம் சம்பந்தப்பட்டவை. கிணறுகள் தூரம், ரோடு மோசம், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறார்கள். மோதினால் சாவுதான், சுளுக்கு அல்ல. ஆனால் அதை வைத்து முழு முரணையும் விளக்க முடியாது. ரிக் மேடையில் மனிதனை நசுக்கிக் கொல்லும் அதே குழாய்தான் இன்னொரு நாள் விரலை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

விகிதம் போடும் சூத்திரத்தில் ஏதாவது இருக்குமா என்று நானும் பார்த்தேன். காயங்களின் எண்ணிக்கையை 2,00,000ஆல் பெருக்கி, வேலை செய்த மொத்த மணி நேரத்தால் வகுப்பார்கள். நூறு பேர், வாரம் நாற்பது மணி, ஐம்பது வாரம்: அதுதான் இரண்டு லட்சம். ரிக்கில் பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் வீடு, நாளுக்கு 12 மணி. ஒரு சுற்றுக்கு 168 மணி, வருடத்துக்கு 13 சுற்று, ஆக 2,184 மணி. சாதாரண ஆளின் 2,000க்கு இது பத்து விழுக்காடு கூட அதிகமில்லை. வகுக்கும் எண் குற்றவாளி அல்ல.

குற்றவாளி மேலே இருக்கும் எண்தான். கிணறு ஒரு கம்பெனியுடையது, தோண்டுவது இன்னொன்று, சிமென்ட் போடுவது, மணல் கொண்டுவருவது, தண்ணீர் எடுத்துப்போவது எல்லாம் வேறு வேறு காண்டிராக்டர்கள். காண்டிராக்ட் கேட்கும்போது முதலில் பார்ப்பது இந்தக் காய விகிதத்தை. ஒரு எல்லைக்கு மேல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனிக்கு ஒரு விரல் நசுங்கினாலே விகிதம் எகிறிவிடும். ரிக்கில் இத்தனை நாள் விபத்தில்லை என்று போனஸும் உண்டு, மொத்தக் குழுவுக்கும் சேர்த்து. ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லோருக்கும் போனஸ் போகும். அவன் என்ன செய்வான்? டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வான். பதிமூன்றாவது நாள் அடிபட்டால் இன்னும் வசதி. மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவான். வாயைத் திறக்காவிட்டால் இரண்டு வாரத்தில் ஆறியே போய்விடும். காயத்தை எண்ண ஆரம்பித்தது காயத்தைக் குறைக்க. எண்ணிக்கைக்குப் பணம் வைத்ததும் குறைந்தது எண்ணிக்கை.

*

இழப்பீட்டுக் கோரிக்கை இங்கேதான் உதவுகிறது. அதை எழுதுவது கம்பெனி மட்டும் அல்ல. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு யாராவது பணம் கட்டவேண்டும். எங்கே அடிபட்டது என்று டாக்டர் கேட்பார், வேலையில் என்றால் பில் இழப்பீட்டு நிதிக்குப் போகும். கம்பெனிப் பதிவேட்டில் இல்லாத காயம் இன்னொரு ஏட்டில் ஏறிவிடும்.

ஒஹையோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் நான்கு மாநிலங்களிலும் இந்தக் காப்பீட்டைத் தனியார் விற்கமுடியாது. மாநில நிதி ஒன்றுதான். அதாவது நூறு காப்பீட்டுக் கம்பெனிகளின் நூறு விதமான கோப்புகளுக்குப் பதிலாக ஒரே டேபிள். இந்த நான்கில் மூன்று எண்ணெய், எரிவாயு மாநிலங்கள். வடக்கு டகோட்டாவில் 1919ல் விவசாயிகளின் கட்சி ஒன்று காப்பீட்டுக் கம்பெனிகள் மேலிருந்த கோபத்தில் இதை அமைத்தபோது அங்கே எண்ணெயே கிடையாது. தியோகா பக்கத்தில் முதல் கிணறு பாய்ந்தது 1951ல். கோதுமை விவசாயிகள் போட்ட ஏட்டில் அவர்கள் பேரன்கள் காலத்து ரஃப்னெக்குகள் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு ஏடு இருந்தால் இரண்டிலும் இல்லாததையும் மதிப்பிடலாம். டென்மார்க்கில் 1890களில் பீட்டர்சன் என்ற மீன் ஆய்வாளர் பயன்படுத்திய உத்தி இது. முதல் வலையில் 100 மீன் பிடித்து அடையாளம் போட்டு விடுகிறீர்கள். இரண்டாவது வலையில் 80 மீன், அதில் அடையாளத்தோடு 20. அப்படியென்றால் உங்கள் முதல் வலை குளத்தில் கால்வாசியைத்தான் பிடித்திருக்கிறது. குளத்தில் சுமார் 400 மீன். மிச்சிகனில் 1999 - 2001 ஆண்டுகளின் பதிவுகளை, இழப்பீட்டுக் கோரிக்கையையும் சேர்த்து, இப்படி ஒன்றோடொன்று பொருத்தி 2006ல் ஒரு ஆய்வு வந்தது. எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்ததில், தேசியக் கணக்கெடுப்பு வேலைக் காயங்களிலும் நோய்களிலும் மூன்றில் இரண்டு பங்கு வரை தவறவிடுகிறது என்றது. ஒரு எச்சரிக்கை: இரண்டு வலைக்கும் தப்பிக்கத் தெரிந்த மீன்கள் இருந்தால் இந்தக் கணக்கும் குறைவாகவே காட்டும்.

கோரிக்கைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அந்தப் பெரிய எழுத்துப் பத்தியை யார் படிப்பது? அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், ஒஹையோ மாநில நிதியின் கோரிக்கைகளை வைத்து ஒரு நிரலுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. 2012ல் அந்தக் கட்டுரை வந்தது. நைவ் பேய்ஸ் என்ற மிக எளிய முறை. 'பனி', 'படி', 'வழுக்கி' வந்தால் விழுந்த காயம். 'தூக்கி', 'இழுத்து' வந்தால் தசை, மூட்டு. முதலில் மனிதர்கள் கொஞ்சம் வரிகளைப் படித்துக் குறிப்பார்கள், அதைப் பார்த்து நிரல் மிச்சத்தைக் குறிக்கும். நாங்களும் அதைத்தான் சுமாராக நகலெடுத்தோம்.

அந்த நகலில்தான் என் கைவரிசை. ஒரே ஆள், ஒரே உடல் பாகம், முப்பது நாளுக்குள் இரண்டு கோரிக்கை என்றால் இரண்டாவதை நீக்கும்படி ஒரு விதி எழுதினேன். பில்லிங் கோளாறில் ஒரே விபத்து இரண்டு முறை ஏறுவது சகஜம், அதற்காக. சோதனையெல்லாம் பாஸ். அக்காதான் நீக்கப்பட்ட வரிகளைத் திறந்து பார்த்தார். "இதெல்லாம் டூப்ளிகேட் இல்லப்பா. நல்லாப் படி." படித்தேன். முதல் வரி, 'வலது கை நசுங்கியது, முதலுதவி.' பதினெட்டு நாள் கழித்து, 'வலது கை, பிடி நழுவி, இரு விரல்.' ஆறாத கையோடு திரும்ப மேடைக்குப் போயிருக்கிறார். பதிவேட்டில் சின்னதாக எழுதப்பட்ட முதல் காயம் ஏன் சின்னதல்ல என்று காட்டும் ஒரே சாட்சி அந்த இரண்டாவது வரி. அதைத்தான் நான் குப்பை என்று அள்ளிப் போட்டிருந்தேன். விதியை மாற்றினோம். ஏற்கெனவே அனுப்பிவிட்ட மூன்று மாதக் கோப்புகளைத் திருப்பி வாங்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

*

இந்த ஏட்டிலும் ஓட்டைகள் உண்டு. பெரிய ஓட்டை டெக்ஸாஸ். அமெரிக்காவிலேயே அதிகம் எண்ணெய் எடுக்கும் மாநிலம். தனியார் முதலாளி இழப்பீட்டுக் காப்பீடு வாங்கியே ஆகவேண்டும் என்று அங்கே கட்டாயமில்லை. 1913லிருந்து அப்படித்தான். கடலில் இன்னொரு ஓட்டை. நிலையான மேடையில் வேலை செய்தால் நான் முதலில் சொன்ன வாரப் பட்டியல் பொருந்தும். மிதக்கும் ரிக் சட்டப்படி கப்பல், அதன் பணியாளர்கள் மாலுமிகள். 1920ஆம் வருடக் கடல்சார் சட்டப்படி அவர்கள் வழக்குத்தான் போடவேண்டும். டீப்வாட்டர் ஹொரைஸன் மார்ஷல் தீவுகளின் கொடி பறந்த ஒரு கப்பல்.

மூன்றாவது ஓட்டை எங்களைப் போன்றவர்கள் போடும் எண்ணில். பாறையை உடைக்க மணலும் தண்ணீரும் லாரி லாரியாகப் போகவேண்டும். அந்த டிரைவர் கிணற்றடியில் நாளெல்லாம் நின்றாலும் அவர் கம்பெனியின் எண் 'சரக்குப் போக்குவரத்து'. அவர் செத்தாலும் அடிபட்டாலும் பெரும்பாலும் எண்ணெய்த் தொழில் கணக்கில் வரமாட்டார். அந்த மணலின் தூசியும் அப்படித்தான். ஐந்து மாநிலங்களில் 11 கிணற்றுத் தளங்களில் நையாஷ் 111 காற்று மாதிரிகளை எடுத்தது; பாதிக்கு மேல் அன்றைய சட்ட வரம்பைத் தாண்டியிருந்தன. சிலிக்கா நுரையீரலைக் கெடுக்க வருடங்கள் ஆகும். அதற்குள் அவர் எத்தனை காண்டிராக்டர் மாறியிருப்பார்? எந்த நிதியிடம் போய்க் கேட்பார்?

நான் அந்த ப்ராஜெக்டை விட்டு வந்த பிறகு, 2016 ஜனவரியில், நையாஷ் ஆட்கள் எழுதிய ஒரு சின்ன அறிக்கையைப் படித்தேன். கிணற்றடியில் கச்சா எண்ணெயைச் சேமிக்கும் தொட்டிகளின் மேல் ஒரு மூடி இருக்கும். மாதிரி எடுக்கும் குழாய்க்கு 'திருடன்' என்று பெயர், அதனால் மூடிக்குத் 'திருடன் மூடி'. தொழிலாளி மேலே ஏறி, மூடியைத் திறந்து, கோலோ நாடாவோ விட்டு எண்ணெய் எவ்வளவு என்று அளப்பார். திறந்ததும் உள்ளே அடைந்திருந்த புரொப்பேன், பியூட்டேன் ஆவி முகத்தில் அடிக்கும், ஆக்சிஜன் இருக்காது. சில மூச்சில் நினைவு போகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். 2010 தொடக்கத்திலிருந்து 2015 மார்ச் வரை இப்படி ஒன்பது பேர் செத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தனியாக இருந்தபோது. சிலருக்கு முதலில் எழுதப்பட்ட காரணம் இதய நோய். அதாவது இயற்கை மரணம். அதாவது வேலை சம்பந்தப்படாதது, இழப்பீடு கிடையாது. ஒவ்வொரு ஊர் அதிகாரியும் ஒரு சாவைத்தான் பார்த்தார். ஒன்பதையும் ஒரே மேசையில் வைத்தபிறகுதான் எல்லோரும் தொட்டி மேல் செத்திருப்பது தெரிந்தது. அதே வருடம் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் மூடியைத் திறக்காமல் அளக்கும் முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது.

படித்தவுடன் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. 'தொட்டி மேல் மயங்கி விழுந்தார். இதயம்? விசாரணையில்.' அது அந்த ஒன்பதில் ஒன்றா, பிழைத்துக்கொண்ட வேறு ஒருவரா, அல்லது உண்மையிலேயே மாரடைப்பா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோரிக்கையின் நிலைப் பத்தியில் பின்னால் 'மறுக்கப்பட்டது' என்று வந்திருந்தால் அதற்கு என்ன நடந்திருக்கும் என்பது மட்டும் தெரியும். மறுக்கப்பட்டவற்றுக்குப் பணம் போகாது. பணம் போகாதது அறிக்கைக்கு வேண்டாம் என்று ஆய்வுக் கோப்பை உருவாக்கும் நிரலின் இரண்டாவது வரியிலேயே அவற்றை வடிகட்டியிருந்தோம்.

அக்காவுக்கு போன் செய்தேன். அவரும் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த ஃபில்டர எடுக்கச் சொல்லி யார்கிட்டயாவது சொல்லேன்" என்றார். பழைய டீம் லீடுக்கு ஒரு மெயில் எழுதினேன், அறிக்கையையும் இணைத்து. ப்ராஜெக்ட் வேறு வெண்டருக்குப் போய்விட்டது, நிரலையும் அப்படியே ஒப்படைத்துவிட்டோம் என்று பதில் வந்தது.